டெராஃபார்முடன் ஐந்து ஆண்டுகளுக்கு மேல்: கும்பகோணத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கும்பகோணத்தில் ஒன்பது பேர் பணிபுரியும் எங்கள் நிறுவனம், டெல்டா மாவட்டங்களின் நெல் அரவை ஆலைகளுக்குக் கொள்முதல், இருப்பு, பில் ஆகியவற்றுக்கான மென்பொருளை வழங்குகிறது. சர்வர்கள் அனைத்தும் அமேசானின் மேகக்கணிச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மண்டலத்தில் உள்ளன. 2020 முதல், இரண்டு பழைய சர்வர்கள் நீங்கலாக, அவற்றை டெராஃபார்ம் நிரல் வழியாகவே நிர்வகித்து வருகிறோம்; சர்வர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நிரலாக எழுதினால் அப்படியே அமைத்துத் தரும் கருவி அது.

தொடக்கத்தில் ஸ்டேட் கோப்பு என் மடிக்கணினியில்தான் இருந்தது. எந்த நிரல் வரி எந்த சர்வரைக் குறிக்கிறது என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பதும், தரவுத்தளக் கடவுச்சொல் உட்பட யாவும் அதில் வெளிப்படையாகவே எழுதப்படுகின்றன என்பதும் பிறகுதான் உறைத்தன. ஒரு மதிப்பை நிரலில் சென்சிட்டிவ் (ரகசியம்) என்று குறித்தால் திரையில் மறையுமே தவிர, கோப்பில் மறையாது. ஆகவே அதை வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் காக்கும் வசதி) இயக்கப்பட்ட எஸ்3 பக்கெட்டுக்கு (ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பிடம்) மாற்றிப் பூட்டும் அமைத்தோம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, ஒருவர் அப்ளை (மாற்றத்தைச் செயல்படுத்தும் கட்டளை) முடித்த பின்புதான் அடுத்தவர் தொடங்க முடியும்.

2022-ஆம் ஆண்டு குறுவை அறுவடையின்போது நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது ஏழு ஆலைகளுக்கும் தனித்தனி சர்வர்கள் இருந்தன. ஆலைப் பெயர்களின் பட்டியலை வைத்து, கவுண்ட் முறையில் அவற்றை உருவாக்கியிருந்தேன். பட்டியலில் மூன்றாவதாக இருந்த மன்னார்குடி ஆலை சேவையை நிறுத்திக்கொண்டதால், அந்தப் பெயரை மட்டும் நீக்கினேன். சேர்ப்பவை 0, மாற்றுபவை 4, அழிப்பவை 1 என்றது, என்ன மாறப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் பிளான். அழிய வேண்டியது ஒன்றுதானே என்று, மாற்றங்கள் ஏன் நான்கு என யோசிக்காமல் அப்ளை கொடுத்துவிட்டேன். கவுண்ட் முறை சர்வர்களைப் பெயரால் அல்ல, வரிசை எண்ணால்தான் அறியும். எனவே பின்னால் இருந்த நான்கு பெயர்கள் ஆளுக்கு ஓரிடம் முன்னால் நகர்ந்து அடுத்தவர் சர்வரின் மேல் ஒட்டிக்கொள்ள, கடைசி எண்ணுக்குரிய சர்வர், அதாவது சேவையில் தொடர்ந்த ஏழாவது ஆலையின் சர்வர், வட்டோடு அழிந்தது. முந்தைய இரவின் ஸ்னாப்ஷாட் (வட்டின் நகல்) இருந்ததால் பிழைத்தோம். அன்று காலை போட்ட பில்களை மட்டும், காகித நகல்களைப் பார்த்து ஆலைக் கணக்கர் மறுபடி பதிந்தார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத இயலாது.

அதன்பின் அனைத்தையும், பெயராலேயே அடையாளம் காணும் ஃபார் ஈச் முறைக்கு மாற்றினோம். பழைய சர்வரே புதிய பெயரில் தொடர்கிறது என்று சொல்லும் மூவ்டு பிளாக் எழுதியதால் எந்த சர்வரையும் புதிதாக உருவாக்க நேரவில்லை. தரவு வட்டுகளைத் தனியாகப் பிரித்து, அழிப்பதைத் தடுக்கும் பிரிவென்ட் டிஸ்ட்ராய் சேர்த்தோம். ஆனால் அந்த வட்டுக்கான பிளாக்கையே நிரலிலிருந்து நீக்கிவிட்டால் பாதுகாப்பும் உடன் போய்விடும் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அழிப்பவை என்ற எண் பூஜ்யமாக இல்லையென்றால், வேறொருவர் அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசித்த பிறகே அப்ளை செய்ய வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி. பிளானைப் பொறுமையாகப் படிக்காதவருக்கு இந்தக் கருவி, ஏடபிள்யூஎஸ்ஸைக் கையால் இயக்கும் வலைத்திரையான கன்சோலைவிட ஆபத்தானது என்றே சொல்வேன்.

நிர்வாக விதிகளில் மிகுந்த பலன் தந்தது டேக் (அடையாளச் சீட்டு) ஒழுங்கு. எந்த ஆலை, யார் பொறுப்பு என்ற இரண்டு டேக்குகள் இல்லாத சர்வர், வட்டு போன்ற வளத்தை, விதிகளைச் சரிபார்க்கும் கருவியான ஓபன் பாலிசி ஏஜென்டில் எழுதிய விதி ஏற்காது. அதற்கு முன், எந்த சர்வரிலும் இணைக்கப்படாத ஒரு வட்டுக்குப் பதினொரு மாதம் வாடகை கட்டியிருக்கிறோம்.

கன்சோலில் கைவைக்கும் பழக்கம் மட்டும் எளிதில் ஒழியவில்லை. மழை நாள் ஒன்றில், மின்சாரமும் அலுவலக இணையமும் போன நேரத்தில், சக ஊழியர் கைபேசியிலிருந்தே, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழியான 22-ஆம் போர்ட்டை உலகுக்கே திறந்துவிட்டார். தினமும் காலை 7 மணிக்குத் தானாக ஓடும் பிளான், வேறுபாடு இருந்தால் 2 என்ற வெளியேறும் குறியீட்டைத் தரும். மறுநாள் அதுதான் காட்டிக்கொடுத்தது. இப்போது கன்சோலில் பெரும்பாலோருக்குப் பார்க்கும் உரிமை மட்டுமே உண்டு.

2023 ஆகஸ்டில், டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் அதன் உரிமத்தை மாற்றியது எங்களை நேரடியாகப் பாதிக்கவில்லை. இருப்பினும், ஸ்டேட் கோப்பை மறையாக்கம் செய்யும் வசதி, டெராஃபார்மிலிருந்து கிளைத்த திறந்த மூலக் கருவியான ஓபன்டோஃபுவின் 1.7 பதிப்பில் வந்ததால், 2024-இல் அதற்கு மாறினோம். மாற்றம் ஒரே பிற்பகலில் முடிந்தது.

2019-இல் கையால் அமைத்த இரண்டு பழைய சர்வர்கள் மட்டும் இன்னும் நிரலுக்கு வெளியே நிற்கின்றன. ஏற்கெனவே இருக்கும் சர்வரை நிரலுக்குள் கொண்டுவரும் இம்போர்ட் பிளாக் எழுதி முடித்தாயிற்று. தாளடி அறுவடை ஓய்ந்து ஆலைகளில் வேலை குறையும்வரை அதை ஓட்டுவதாக இல்லை.