மேடும் காற்றும் நிறைந்த திறந்த களத்தில் எது கைகொடுக்கும்: டெஸ்ட்ராயரா, டீபேர்டா?

மரமே இல்லாத களம் என்றதும் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். டிஸ்க் கால்ஃப் என்பது டிஸ்க் எனும் தட்டை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் போடும் விளையாட்டு; ஒரு கூடைக்கான ஆட்டம் ஒரு ஹோல். காட்டுக்குள் இருக்கும் டிஸ்க் கால்ஃப் களங்களில் பத்தடிக்கு ஒரு மரம் வழிமறிக்கும். திறந்த களத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளிதான். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு வீசிவிடலாம் என்று பையிலிருந்து இருப்பதிலேயே வேகமான டிரைவரை, அதாவது தூரம் வீசும் டிஸ்க்கை, உருவுகிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மில்ஃபோர்ட் அருகே கென்சிங்டன் மெட்ரோபார்க்கில் இருக்கும் 'டொபாகன்' இப்படி ஆசை காட்டுவதில் முதல் ரகம். பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்குப் பலகையில் இறங்கும் மேடுகளில் அமைந்ததால் அந்தப் பெயர். நோவை, கேன்டன் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் கென்ட் ஏரிக்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் அதே பூங்காதான்.

2018-இல் அங்கே நடந்த கிரேட் லேக்ஸ் ஓபன் போட்டியில் முன்னணி வீரர் பால் மெக்பெத் ஒரே சுற்றில் பாருக்கு (களத்துக்கென்று வகுத்த வீச்சுக் கணக்குக்கு) 18 குறைவாக ஆடி முடித்தார். 18 ஹோல்களில் 18 வீச்சு மிச்சம்! அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அதே மாதிரிக் களத்துக்குப் போகும் நம்மில் பலர், அவர் வீசிய வேகத்தில் பாதிகூட இல்லாமல், அவர் மாதிரி ஆட்கள் வீசும் டிஸ்க்கையே எடுக்கிறோம். தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனவே இந்த அலசலில் இரண்டே பேர். இரண்டும் இன்னோவா நிறுவனத்தின் டிஸ்க்குகள், இரண்டும் பல ஆண்டுகளாக விற்பவை. ஒன்று டெஸ்ட்ராயர், அதாவது தூரத்துக்கென்றே வார்த்த டிஸ்டன்ஸ் டிரைவர். இன்னொன்று டீபேர்ட், தூரத்தைவிடக் கட்டுப்பாட்டுக்கான ஃபேர்வே டிரைவர். 12 முறை உலக சாம்பியனான கென் கிளைமோவின் பெயர் பொறித்து வந்த டிஸ்க் அது என்பதால், 'பழைய ஆட்களின் டிஸ்க்' என்று இளசுகள் ஒதுக்குவதும் உண்டு.

டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. முதல் எண் வேகம், இரண்டாவது மிதப்பு, மூன்றாவது வேகமாகப் பறக்கும்போது வலப்பக்கம் திரும்பும் தன்மை, நான்காவது வேகம் குறைந்ததும் இடப்பக்கம் விழும் தன்மை. வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து) வீசுபவருக்கான கணக்கு இது. இடக்கைக்காரர்கள் இனி வரும் இடம், வலம் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்ராயர்: 12, 5, –1, 3. டீபேர்ட்: 7, 5, 0, 2.

இதில் முதல் எண்ணைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 12 என்றால் அந்த டிஸ்க் தானாக 12 வேகத்தில் போகும் என்று அர்த்தமில்லை. அந்த வேகத்தை நாம் கொடுத்தால்தான் மற்ற மூன்று எண்களும் அதில் எழுதியபடி நடக்கும். டெஸ்ட்ராயரின் விளிம்பு அகலம், முனை கூர்மை. காற்றைக் கிழித்துக்கொண்டு போக அதுதான் உதவுகிறது. ஆனால் போதுமான வேகம் இல்லாவிட்டால் –1 என்ற திருப்பம் நடக்கவே நடக்காது, கடைசி எண்ணான 3 மட்டும் முன்கூட்டியே வேலையைக் காட்டும். கையை விட்டுப் போன கொஞ்ச தூரத்திலேயே டிஸ்க் அரிவாள் மாதிரி இடப்பக்கம் வளைந்து தரையில் குத்தும். சமதரையில் 350 அடி எட்டாதவர் கையில் டெஸ்ட்ராயர் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். டீபேர்ட் கேட்கும் வேகம் மிகக் குறைவு. 280, 300 அடி வீசுபவருக்கும் அது நேராகப் போய்க் கடைசியில் மெதுவாக இடப்பக்கம் சாயும்.

"சரி, 30 அடி கூடுதலாகக் கிடைத்தாலும் லாபம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய களங்களில் 900 அடி ஹோல் சாதாரணம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். டெஸ்ட்ராயரில் நன்றாக விழுந்தால் 330, மறுபடி 330, மிச்சம் 240 அடி. டீபேர்டில் 300, 300, மிச்சம் 300. இரண்டிலும் கூடைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வது மூன்றாவது வீச்சில்தான். ஒன்றில் மூன்றாவது வீச்சு கொஞ்சம் சுலபம், அவ்வளவே. அதற்கு முன் இரண்டு டெஸ்ட்ராயர்களும் கோட்டுக்குள் விழுந்திருக்க வேண்டும். ஒன்று ஓபி கோட்டை, அதாவது ஆட்ட எல்லையைத் தாண்டினாலும் ஒரு வீச்சு அபராதம். மிச்சம் பிடித்த 60 அடிக்கு விலை அது. ஆனால் 650 அடி ஹோலில் கதை மாறும். அங்கே இரண்டு நல்ல டெஸ்ட்ராயர் வீச்சுகள் கூடையடியில் கொண்டுபோய் விடும், டீபேர்ட் 50 அடி பாக்கி வைக்கும். அதனால் களத்தின் மொத்த நீளத்தைப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை. ஒவ்வொரு ஹோலையும் நம் தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது மேட்டுக்கு வருவோம். திறந்த மேட்டுக் களத்தில் மரம் செய்யும் வேலையைச் சரிவு செய்கிறது.

மேல்நோக்கி வீசும்போது டிஸ்க்கின் வேகம் சீக்கிரம் வடிந்துவிடும். வேகம் வடிந்தால் நான்காவது எண் முந்திக்கொள்ளும். போதாக்குறைக்கு, உயரத்தைப் பார்த்ததும் நம் மணிக்கட்டு தன்னையறியாமல் டிஸ்க்கின் மூக்கைத் தூக்கிவிடும். மூக்கு தூக்கிய டிஸ்க் ஏணி ஏறுவதுபோலத் தெரியும், சட்டென்று நின்று இடப்பக்கம் சரியும், விளிம்பில் விழுந்து வந்த வழியே உருண்டு இறங்கும். மேட்டின் கோணத்துக்கு இணையாகத் தோளையே சாய்த்து வீச வேண்டும், மணிக்கட்டை மட்டும் தூக்கக் கூடாது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏற்றத்தில் டெஸ்ட்ராயருக்குச் சாதகமாக ஒன்றுமே இல்லை. டீபேர்ட் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால், ஏற்றத்தில் இரண்டையும் விட நல்லது லெப்பர்ட் என்ற இன்னொரு டிரைவர்: 6, 5, –2, 1. ஓரடி உயரத்துக்கு மூன்றடி தூரம் கூட்டிக்கொள் என்பது பழகியவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. 250 அடியில், 30 அடி உயரத்தில் இருக்கும் கூடையை 340 அடியாக நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து டெஸ்ட்ராயரை எடுத்தால் மேலே சொன்ன பொறியில் மாட்டினோம்.

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். டிஸ்க் கீழே போகப் போக வேகத்தை அவ்வளவாக இழக்காது. விழ வேண்டிய தரையும் கீழே போய்க்கொண்டே இருப்பதால் வெகுநேரம் காற்றில் நிற்கும். மேட்டின் உச்சியில் நின்று டெஸ்ட்ராயரை விடுவது, ஒப்புக்கொள்கிறேன், இந்த விளையாட்டின் பெரிய சுகங்களில் ஒன்று. கையை விட்ட டிஸ்க் வலப்பக்கம் போய், நிதானமாகத் திரும்பி, பள்ளத்தில் புள்ளியாகி மறைவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் மேடு ஏறுகிறார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் உள்ள டெலாவியாகா களத்தின் 27-ஆவது ஹோலுக்கு 'உலகத்தின் உச்சி' என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான். சுகம் வேறு, ஸ்கோர் வேறு. காற்றில் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நொடியும் காற்று அதை இழுத்துப் போக ஒரு வாய்ப்பு. கீழே ஓபி இல்லை, எதிர்க்காற்று இருக்கிறது என்றால் டெஸ்ட்ராயர். கூடை எட்டும் தூரத்தில் இருந்தால் டீபேர்ட்கூட வேண்டாம், மிட்ரேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்) போதும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது டெஸ்ட்ராயர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. எதிர்க்காற்றில் டிஸ்க்கின் மேல் பாயும் காற்றின் வேகம் கூடும். நாம் வீசியதைவிட வேகமாக வீசியதாக டிஸ்க் நினைத்துக்கொள்ளும், வலப்பக்கத் திருப்பம் அதிகரிக்கும். நான்காவது எண் பெரிதாக உள்ள டிஸ்க்தான் அதிலிருந்து திரும்பி வரும். டெஸ்ட்ராயருக்கு அந்தத் தெம்பு உண்டு. ஆனால் அதைவிட வேகம் குறைந்த ஃபயர்பேர்டுக்கு (9, 3, 0, 4) இன்னும் அதிகம் உண்டு, தூரம்தான் கிடைக்காது. பின்காற்றில் டிஸ்க்கின் மேல் பாயும் காற்று குறையும். தூக்கல் குறைந்து சீக்கிரம் இறங்கும், இடப்பக்கச் சாய்வு கூடும். பின்காற்று தூரம் தரும் என்று நம்பி டெஸ்ட்ராயரைத் தாழ்வாக வீசினால், அது மிதக்காமல் விழும். உயரமாக, திரும்பும் தன்மை அதிகமுள்ள டிஸ்க்கை விட வேண்டும். 2016-இல் நெவாடா பாலைவனத்தில், ப்ரிம் அருகே டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசி உலக சாதனை படைத்தார். பின்காற்றை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு அதுவே உச்சபட்ச உதாரணம். அந்தச் சாதனைக்குத் துல்லியம் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

எடையையும் பார்க்க வேண்டும். தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கமான பிடிஜிஏ விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்வரை எடை இருக்கலாம். 21.1 சென்டிமீட்டர் டிரைவருக்கு அது ஏறக்குறைய 175 கிராம். கைவேகம் குறைந்தவர்களுக்கு 165 கிராம் டிரைவர் ஏற்றத்திலும் பின்காற்றிலும் நன்றாக உதவும், எதிர்க்காற்றில் காகிதம்தான்.

எது எங்கே விழுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. சரிவில் டிஸ்க் விழும் கோணமும் தரையின் கோணமும் ஒத்துப்போனால் அது சறுக்கும், ஆனால் உருளாது. முரண்பட்டால் விளிம்பு குத்தி, எழுந்து நின்று, சக்கரமாகி அடிவாரம் வரை போகும். தரை இடப்பக்கம் தாழ்ந்திருந்தால் பேக்ஹேண்டில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் டிஸ்க் தரையோடு படியும். தரை வலப்பக்கம் தாழ்ந்திருந்தால் அதே வீச்சு ஆபத்து. அங்கே ஃபோர்ஹேண்ட் (கையை உடம்பின் பக்கவாட்டில் வைத்து வீசுவது), ஏனென்றால் அது வலப்பக்கம் சாய்ந்து இறங்கும். பேக்ஹேண்டா ஃபோர்ஹேண்டா என்பதைக் கைப்பழக்கம் தீர்மானிப்பதைவிடச் சரிவு தீர்மானிப்பதே நல்லது. இந்த இடத்தில் டீபேர்டின் 2, டெஸ்ட்ராயரின் 3-ஐ அடித்துவிடுகிறது. டெஸ்ட்ராயர் கடைசியில் செங்குத்தாகச் சாய்ந்து, மிச்ச வேகத்தோடு இறங்கும். தட்டையாக விழுந்தால் எகிறிக் குதித்துக் கூடையைத் தாண்டும், விளிம்பில் விழுந்தால் உருளும். டீபேர்ட் அமைதியாக உட்காரும். டிஎக்ஸ் என்ற மலிவு பிளாஸ்டிக்கில் வாங்கினால் புல்லில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஸ்டார், சாம்பியன் வகைகளைவிட அது சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். தேய்ந்த டீபேர்ட் நேராகப் போகும் என்பதால் அதையும் பலர் விரும்பியே வைத்துக்கொள்கிறார்கள்.

பட்டிங், அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடுவது பற்றிச் சுருக்கமாக. மேட்டு நுனியில் நிற்கும் கூடைக்கு வேகமாகச் சுழற்றி அடிக்கும் பட், காற்றில் கோடு மாறாது; தவறினால் பின்பக்கச் சரிவில் இறங்கிவிடும். மேலே தூக்கிப் போடும் பட் காற்றுக்கு ஆடும். தவறினால் காலடியிலேயே விழும். காற்று இல்லாதபோது இரண்டாவது, காற்றடித்தால் முதலாவது. காற்றும் சரிவும் சேர்ந்து, தூரமும் கூடையைச் சுற்றிய 10 மீட்டர் வட்டத்துக்கு வெளியே என்றால் கூடைக்குக் கீழே வைத்துவிட்டு அடுத்த வீச்சில் முடிப்பதில் வெட்கமே இல்லை.

டெஸ்ட்ராயரைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். டீபேர்டே மேல் என்ற இந்த முடிவு 350 அடிக்கு மேல் வீசுபவருக்கு அப்படியே புரண்டுவிடும். அவருக்கு டெஸ்ட்ராயர்தான் ஏணி, டீபேர்ட் ஒழுங்குக் கருவி. மற்றவர்கள் ஒரே ஒரு டெஸ்ட்ராயரை இறக்கமும் எதிர்க்காற்றும் சேரும் ஹோலுக்கென்று வைத்துக்கொள்ளட்டும். டீபேர்ட் இரண்டு இருக்கட்டும், ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது. லெப்பர்ட் ஒன்று. அதற்கு மேல் சுமப்பதெல்லாம் ஆசைக்காகத்தான்.

20 டிஸ்க் என்றால் 3.5 கிலோ, தண்ணீர் தனி. 10,000 அடிக் களத்தில் அதைத் தோளில் மாட்டி மேடேறுவதா, தள்ளுவண்டியில் இழுப்பதா என்பது தனிச் சண்டை. 10 டிஸ்க்குக்குள் அடக்க முடிந்தால் தோள்பைதான். வண்டிதான் வேண்டும் என்பவர்கள் பிரேக் உள்ளதாக வாங்குங்கள், நிறுத்தும்போது சரிவுக்குக் குறுக்காக நிறுத்துங்கள்.