வெள்ளி மாலை சப்பாத் வழிபாடு: கிதாரோடா, வெறும் குரலிலா?

யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத்தை வரவேற்கும் இந்த வழிபாட்டைச் சில சபைகள் வாத்தியத்தோடு பாடும், சில வெறும் குரலில் பாடும். வரிசை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வேதாகமத்தின் சங்கீதம் 95 முதல் 99 வரை, பிறகு 29, ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் 'லெகா தோதி' பாடல், அதன்பின் சங்கீதம் 92, 93.

மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்தடாக்ஸ் யூத ஜெப ஆலயங்களில் வாத்தியமும் மைக்கும் கிடையாது. தந்தி அறுந்தால் ஓய்வுநாள் என்பதை மறந்து கை சரிசெய்யப் போய்விடும் என்ற, தல்மூத் (யூதச் சட்ட விளக்க நூல்) காலத்து அச்சமே வாத்தியத் தடைக்கு அடிப்படை. ஆக, முன்னின்று பாடுபவர் எடுக்கும் சுருதிதான் எல்லாம். தன் குரலுக்கு வாகாக உயர்த்தி எடுத்தால், மேலே போகும் இடத்தில் சபை வாயை மூடிக்கொள்ளும். கொஞ்சம் தாழ்த்தியே எடுக்கலாம். மெதுவான மெட்டில் சுருதி மெல்ல இறங்கும். 'லெகா தோதி'யின் ஆறாம் சரணத்தில் மெட்டு மாற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சுருதியை மீட்க அதுவே தக்க இடம்.

மரபைத் தளர்த்திக்கொண்ட சீர்திருத்த யூதச் சபைகளில் கிதாரும் பியானோவும் சகஜம். ஜெர்மனியின் ஹாம்பர்க் சபை 1818-லேயே ஆர்கன் வைத்தது. சுருதி நிற்கும், புதியவர்களுக்கும் தாளம் பிடிபடும். ஆனால் நூசாக் என்னும் மரபு ராகம் தாளக்கட்டில்லாமல் சொல்லோடு நீள்வது. விடாமல் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டுவது) அடித்தால் நசுங்கிவிடும். அங்கே ஒரே கார்டை மீட்டி நிறுத்திவிட வேண்டும். கடைசிச் சரணத்தில் சபை முழுவதும் ஓய்வுநாள் மணமகளை வரவேற்க வாசல் பக்கம் திரும்பும்; ஓரிடத்தில் நிறுத்திய மைக்கோடு கட்டுண்ட கிதார்க்காரரால் திரும்ப முடியாது. அந்தச் சரணத்தைக் குரலுக்கே விட்டுவிடுங்கள்.

நடுவழியும் உண்டு: சூரியன் மறையுமுன் தொடங்கி, ஓய்வுநாளை ஏற்கும் 92ஆம் சங்கீதத்துக்கு முன் கிதாரை உறையில் வைத்துவிடுவது. டிசம்பர் லண்டனில் நாலு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அங்கே குரல்தான் கை கொடுக்கும்.