ஜி.பி. ரோட்டில் மாற்றிய யூஎஸ்பி போர்ட்

சென்னையில் கார் சர்வீஸ் சென்டர்களின் உபசரிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏசி அறை, காபி, வண்டி உள்ளே போனதும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி என எல்லாம் டொராண்டோவில் எனக்குக் கிடைப்பதைவிட ஒரு படி மேல்தான். ஆனால் நான் போனது காபிக்காக அல்ல, ஒரு யூஎஸ்பி போர்ட்டுக்காக.

அப்பாவின் காரில் அந்தப் போர்ட் அரை உயிரோடு இருந்தது. கைப்பேசியில் சார்ஜ் ஏறும். காரின் திரையில் கைப்பேசி வரைபடம் வராது. பென்டிரைவைச் செருகினாலும் பாட்டு இல்லை. இந்த வகைப் போர்ட்டில் நான்கு ஊசிகள் உண்டு. ஓரத்து இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, நடுவிலுள்ள இரண்டும் தகவலுக்கு. சார்ஜ் ஏறுகிறது என்றால் ஃபியூஸ் போகவில்லை. நடு ஊசிகளிலோ அவற்றின் வயரிலோதான் கோளாறு இருக்க வேண்டும். இதைச் சர்வீஸ் அட்வைசரிடம் சொல்லி முடிப்பதற்குள் எஸ்டிமேட் தயாராகிவிட்டது. மியூசிக் சிஸ்டம் முழுவதையும் மாற்ற வேண்டுமாம். இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. (2025 செப்டம்பர் வரை பல பாகங்களுக்கு இது 28 சதவீதமாக இருந்தது. அந்த வகையில் எனக்கு நல்ல காலம்.)

போர்ட் மட்டும் தனியாக வராதா என்று கேட்டேன். கணினியைப் பார்த்துவிட்டு, “அசெம்பிளியாகத்தான் வரும் சார்” என்றார். கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்றதற்கு, டேஷ்போர்டைத் தொட்டாலே லேபர் தனி என்றார். அந்தப் பையனை நான் நோக மாட்டேன். அவருக்குக் கொடுத்திருப்பது விலைப்பட்டியல்தான். ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்காமல் விலை சொல்வதை வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அங்கிருந்து ஜி.பி. ரோடு. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைத்தான் ஊரே அப்படி அழைக்கிறது. சீட் கவர், ஹார்ன், விளக்கு, ஸ்டீரியோ என்று காருக்கு மாட்டக்கூடிய எல்லாமும் அங்கே கிடைக்கும், காரை நிறுத்த இடத்தைத் தவிர. முதல் கடைக்காரர் என் பேச்சைக் காதில் வாங்காமல் பெரிய ஆண்ட்ராய்டு திரை ஒன்றை விற்கப் பார்த்தார். அடுத்த கடை பாய் ஓர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார்.

அவர் செய்த முதல் காரியம் தன் சொந்தக் கேபிளைச் செருகிப் பார்த்தது. அதற்கும் வரைபடம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். ஊசிகளில் பச்சை படிந்திருந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதற்கு முன், “ரேடியோ கோடு இருக்கிறதா ஐயா?” என்று அப்பாவிடம் கேட்டார். சில கார்களில் பேட்டரி இணைப்பு விட்டால் மியூசிக் சிஸ்டம் ரகசிய எண் கேட்கும். எண் தெரியாவிட்டால் பாட்டும் இல்லை, வரைபடமும் இல்லை. சர்வீஸ் சென்டரில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த எண் உள்ள அட்டை கிளவ் பாக்ஸில் கையேட்டுக்குள் இருந்தது.

பிளாஸ்டிக் கரண்டி போன்ற ஒன்றால் டேஷ்போர்டுப் பலகையை நெம்பி எடுத்ததும் விஷயம் தெரிந்தது. போர்ட் தனி, மியூசிக் சிஸ்டம் தனி. இரண்டையும் சேர்ப்பது ஒரு நீளமான கேபிள். தினமும் கோணலாகச் செருகிச் செருகிப் போர்ட்டின் பின்னால் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. அதே அளவில் கேபிளோடு ஒரு போர்ட் கடையில் இருந்தது: 900 ரூபாய், கூலி 300. வயரை வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. பழைய பிளக் இருந்த இடத்தில் புதிய பிளக். வெட்டி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அடுத்த கோளாறுக்கு அதுவே வித்தாகும்.

பலகையை மூடும் முன்பே பென்டிரைவையும் கைப்பேசியையும் செருகிக் காட்டினார். உடைந்த கிளிப் ஒன்றை, நான் கவனிக்காதபோதும், அவராகவே சொல்லி மாற்றினார்.

குறையும் உண்டு. ஜிஎஸ்டி பில் கிடையாது. கடையின் விசிட்டிங் கார்டின் பின்புறம் தேதியும் ‘6 மாதம்’ என்றும் எழுதித் தந்தார்கள், அவ்வளவுதான் உத்தரவாதம். வாரன்டி முடியாத வண்டியை நான் அங்கே கொண்டுபோக மாட்டேன்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், கையேட்டையும் சொந்தக் கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளைத் தவிர்த்துவிடுங்கள்; வேலை நடப்பது தெருவோரத்தில், கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.