டம்மி டக் செய்ய சென்னை வருகிறீர்களா? லீவைக் கொஞ்சம் நீட்டிப் போடுங்கள்

டொராண்டோ சிநேகிதிகள் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். டம்மி டக் என்பது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி, வயிற்றுத் தசையைத் தைத்து இறுக்கும் ஆபரேஷன். அதற்குச் சென்னையில் நான் விசாரித்த இடங்களில் 1.5 லட்சம் ரூபாயில் ஆரம்பித்து 3 லட்சத்துக்கு மேல் வரை சொன்னார்கள். கனடாவில் இதே ஆபரேஷன் 10,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அழகுக்காகச் செய்வது என்ற கணக்கில் ஒன்டாரியோ மாநில அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் காசு தராது. டிக்கெட் போட்டு வந்தாலும் லாபம்தான். ஆனால் மச்சினர் கல்யாணம், தி. நகர் ஷாப்பிங், திருப்பதி, நடுவில் ஒரு டம்மி டக் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம்.

எனக்கு இரண்டும் சிசேரியன். எடையெல்லாம் குறைந்த பிறகும் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்கியது. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினால் நடுவயிறு கூம்பாகப் புடைக்கும். கர்ப்பத்தில் வயிற்றின் இரண்டு பக்கத் தசைகளும் விலகி, நடுவில் இருக்கும் இணைப்புத் திசு தளர்ந்துபோவதால் வருவது அது. லேசான விலகல் என்றால் பிசியோதெரபியிலேயே சரியாகலாம். என்னுடையது சரியாகவில்லை, தொங்கும் தோலுக்கோ எந்தப் பயிற்சியும் கிடையாது. "பிள்ளை பெத்தப்பவே துணி போட்டுக் கட்டச் சொன்னேன், கேட்டியாடி?" என்று அம்மா இன்னும் சொல்கிறார். துணி கட்டினால் இடுப்புக்குத் தெம்பு கிடைக்கும், விலகின தசை சேராது என்று டாக்டரே சொல்லியும் அம்மா ஒத்துக்கொள்வதாக இல்லை.

டாக்டர் தேடுவதில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி என்ற மேல்படிப்புப் பட்டம் இருக்க வேண்டும். 'காஸ்மெட்டிக்' என்று போர்டு மாட்டிய கிளினிக்குகள் அண்ணா நகரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தோல் டாக்டர் முதல் பியூட்டி பார்லர் வரை அந்தப் போர்டு யாருக்கும் பொருந்திவிடுகிறது. நான் போனவர் ஸ்டான்லியில் படித்தவர். பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் கை அறுவை சிகிச்சைக்கும் பெயர்போன அரசு மருத்துவமனை அது. தீக்காயமும் விபத்தும் பார்த்துப் பழகிய கை என்பதில் எனக்கு ஒரு நம்பிக்கை.

அவர் முதலில் பார்த்தது வயிற்றை அல்ல, பழைய சிசேரியன் தழும்பை. விரலால் தடவி, "தடிச்சுப் போகலை, நல்லா ஆறியிருக்கு" என்றார். நம் நிறத் தோலில் தழும்பு தடித்து எழும்ப வாய்ப்பு அதிகமாம். புதிய தழும்போ இடுப்புக்கு இடுப்பு நீளும். அப்புறம் மூன்றாவது குழந்தை வேண்டுமா, எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்கிறதா, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்று கேட்டார். இது எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். தோலைத் தூக்கி, தசைகளை நடுவில் தைத்து, மிச்சத் தோலை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புதிதாக ஒரு வழி திறப்பார்கள். நாற்பது, ஐம்பது கிலோ குறைத்தவர்களுக்கு நெடுக்கிலும் ஒரு வெட்டு தேவைப்படலாம். எடை குறைக்க பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்தவர்கள் என்றால் புரதம், இரும்புச்சத்து, பி12 எல்லாம் பார்த்த பிறகுதான் தேதி தருவாராம்.

ஆஸ்பத்திரி சேவையில் குறை சொல்ல ஒன்றுதான், அது பில்லிங். எஸ்டிமேட்டில் இல்லாத 18% ஜி.எஸ்.டி. கடைசி பில்லில் வந்து உட்கார்ந்திருந்தது. பொதுவாக வைத்தியத்துக்கு வரி கிடையாது, ஆனால் அழகு சிகிச்சைக்கு உண்டு. அது சட்டம்தான், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே! "எல்லாரும் கட்டுறாங்க மேடம்" என்பதுதான் கவுன்டரில் கிடைத்த பதில். மற்றபடி சிஸ்டர்கள் தங்கம். அட்டெண்டர் ஒருவர் ராத்திரி கூடவே தங்கியாக வேண்டும் என்பதால் சித்தி வந்தாள். மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியின் குழாயை வாயில் கொடுத்து, "நல்லா உள்ளே இழுங்கக்கா, மூணும் ஏறணும்" என்று சிஸ்டர் சொல்ல, தையல் போட்ட வயிற்றோடு நான் ஒரு பந்தை ஏற்றுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளே நடக்க விட்டார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் அந்த அவசரம்.

இனிதான் லீவு விஷயம். இரண்டு பக்கமும், உள்ளே சேரும் நீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் தொங்கும். வடிவது குறைந்தால்தான் எடுப்பார்கள். முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, கூனித்தான் நடை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத்தான் தூக்கம். ஆட்டோ வேண்டவே வேண்டாம், சென்னை ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் தையலில் தெரியும். இறுக்கமான பெல்ட்டை ராத்திரி பகலாகப் போட்டிருக்க வேண்டும், ஆகவே மே மாதம் நினைத்தே பார்க்காதீர்கள். மார்கழியிலேயே எனக்கு அரிப்பு வந்தது. துவைத்து மாற்ற இரண்டு பெல்ட் வாங்கிவிடுங்கள்.

டிரெயின் எடுத்த பிறகு வலது பக்கம் மெத்தென்று வீங்கியது. உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது என்று ஓ.பி.யிலேயே ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார் டாக்டர். அவருக்கு அது தினசரி வேலை. அதே வீக்கம் டொராண்டோவில் வந்திருந்தால் எமர்ஜென்சியில் மணிக்கணக்கில் காத்திருந்து, யாரோ தைத்த வயிற்றைப் பற்றி யாரோ ஒருவருக்கு நான் விளக்கிக்கொண்டிருப்பேன். நீண்ட நேர விமானத்துக்குக் குறைந்தது நான்கு வாரமாவது போகட்டும் என்று அவர் சொன்னதற்கு, ரத்தக் கட்டிப் பயத்தோடு இதுவும் ஒரு காரணம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். வேறு ஊர்ப் பயணம் எதையும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு இரண்டையும் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். என்னுடையதில் அப்பா பெயரை என் பெயராக அடித்துக் கொடுத்திருந்தார்கள்.