காரைக்குடியிலிருந்து கடலுக்கு: தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம்

படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் தங்குகிறவர்கள் ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் தொண்டி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் காரங்காடு, உப்பூர், தேவிபட்டினம். போனவர்கள் ஏமாந்து திரும்பினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கடல் ஏறி வற்றும் நேரத்தைக் கேட்காமல் கிளம்பியிருப்பார்கள்.

பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் கரை தட்டை, கடல் ஆழமில்லை. அரை மீட்டர் வற்றினாலே தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிச் சேறு தெரியும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) இணையதளத்தில் நேரம் கிடைக்கும். அதைவிட, முந்தின நாள் மாலை படகுத்துறைக்குப் போன் போட்டு “அண்ணே, நாளைக்கு ஏத்தம் எத்தன மணிக்கு?” என்று கேட்பது மேல். காற்றால் நீர்மட்டம் மாறுவதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள்.

காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஏறுங்கள். வற்றத்தில் படகின் அடி சேற்றில் தட்டும், மோட்டார் விசிறியில் கடற்புல் சுற்றும், பாதி வழியிலேயே திருப்பிவிடுவார்கள். கிளையோரம் படகு ஒதுங்கும்போது ஓர் இலையைப் புரட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் சிப்பி வெறுங்காலை அறுத்துவிடும். மணல்திட்டில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவுக்கு விலகிப் போகும், மேலே மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் காலை வைத்து வலியைத் தணித்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாதமும் முக்கியம். ஐப்பசி தொடங்கி வாடைக் காற்று வீசும் காலத்தில் இந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும், படகு நிறுத்தப்படலாம். பறவை பார்க்கிறவர்கள் மழை ஓய்ந்ததும் தை, மாசியில் வரலாம்.

உப்பூரில் வெயிலுகந்த விநாயகர் கருவறைக்குக் கூரை கிடையாது. வெயில் நேரே விழும். தேவிபட்டினத்தில் நவபாஷாணம், அதாவது நவக்கிரகங்களாக வழிபடும் ஒன்பது கற்கள், கடலுக்குள். ஏற்றத்தில் சில கற்கள் மூழ்கிவிடும், ஒன்பதையும் பார்க்க வற்றத்தில் வர வேண்டும். அதனால் காரங்காட்டை ஏற்றத்துக்கும் தேவிபட்டினத்தை வற்றத்துக்கும் வைத்துக்கொள்வதுதான் சரியான கணக்கு; இடையில் ஆறு மணி நேரம் இருக்கிறது. படியில் பாசி வழுக்கும், பெரியவர்களைக் கைபிடித்து இறக்குங்கள். அமாவாசையில் தர்ப்பணக் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. நேரம் மிஞ்சினால் திருவாடானையிலிருந்து ஓரியூர் போய் வரலாம். 1693இல் போர்த்துகீசியப் பாதிரியார் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடம், செம்மண் திடல்.

போய்வர 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். வண்டி பேசும்போதே நாள் வாடகையா கிலோமீட்டர் கணக்கா, பேட்டா தனியா, காரங்காட்டுக்குள் திரும்புவதும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். திரும்பி வந்தபின் வரும் தகராறெல்லாம் இதில்தான். வெளிநாட்டு கார்டைப் படகுத்துறையில் நம்ப முடியாது. யுபிஐ இல்லாதவர்கள் நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாகக் காரைக்குடியிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைத் தேவையைத் தொண்டியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காரங்காட்டில் மீன் சாப்பாடு முதல் நாளே சொல்லிவைத்தால்தான் நிச்சயம்.

நண்டு, கணவாய் வாங்குவதாக இருந்தால் தெர்மாகோல் பெட்டி கையோடு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன்தான் கரைக்கு வரும். வரத்து குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றைக்குப் பிடித்த மீன்.