மூடிச் சுடுவதா, திறந்து சுடுவதா?

வீட்டுக்குள் வைத்துச் சுடுவதற்கு ஒரு கிரில் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வாட் அளவையும் தட்டின் பரப்பையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: சுடும்போது உணவிலிருந்து கிளம்பும் நீராவி எங்கே போகிறது? மேலும் கீழும் சூடான தட்டு வைத்து மூடிச் சுடும் இருபக்க மின் கிரில், மேற்புறம் திறந்தே இருக்கும் மின் கிரில், அடுப்பின் மேல் வைக்கும் வரிமேடுள்ள வார்ப்பிரும்புச் சட்டி ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த நீராவிதான்.

வேகத்தில் இருபக்க கிரில்லுக்குப் போட்டி கிடையாது. ஒரு துண்டின் நடுப்பகுதிவரை வெப்பம் சென்று சேர எடுக்கும் நேரம், அது கடக்கும் தூரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரு பக்கமும் ஒன்றாகச் சூடேறினால் ஒவ்வொரு பக்கத்து வெப்பமும் பாதித் தூரம் போனால் போதும். திறந்த கிரில்லில் திருப்பித் திருப்பிப் போட்டாலும், மேலே வந்த பக்கம் அந்த நேரத்தில் ஆறிக்கொண்டுதான் இருக்கும். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள எலும்பில்லாத கோழி நெஞ்சுத் துண்டு, நன்றாகச் சூடேறிய இருபக்க கிரில்லில் 5 முதல் 7 நிமிடங்களில் வெந்துவிடும். திறந்த கிரில்லில் அதே துண்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் வேண்டும்.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. உணவுக்குப் பொன்பழுப்பு நிறத்தையும் சுட்ட மணத்தையும் தருவது மெயிலார்ட் வினை. அது ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேகம் பிடிக்கிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரியை அதிகம் தாண்டாது. திறந்த கிரில்லில் ஆவி மேலே போய்விடுகிறது. மூடிய கிரில்லில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அது சிக்கிக்கொள்கிறது. இறைச்சி சுடப்படாமல் அவிகிறது. வெந்திருக்கும், ஆனால் வெளுத்துப்போய்க் கிடக்கும். இருபக்க கிரில்லைக் குறை சொல்பவர்களில் பலர் உண்மையில் இந்த ஈரத்தைத்தான் குறை சொல்கிறார்கள்.

இதைப் பெருமளவு சரிசெய்யலாம். துண்டுகளைக் காகிதத்தால் அழுத்தி ஒற்றி ஈரம் போக்குங்கள். மசாலாவில் ஊறவைத்திருந்தால், ஒட்டியிருக்கும் மிகுதியை வழித்துவிட்டு வையுங்கள். எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் உணவின் மேல் மெல்லியதாகத் தடவுங்கள். இறைச்சியில் உப்புத் தடவுவதாக இருந்தால் 40 நிமிடங்களுக்கு முன்பே தடவுங்கள். உப்பு வெளியே இழுத்த நீரின் பெரும்பகுதி அதற்குள் திரும்ப உள்ளே போய்விடும். அதற்கு நேரமில்லையென்றால் தட்டில் வைக்கும் கணத்தில் தடவுங்கள். இரண்டுக்கும் நடுவில், பத்துப் பதினைந்து நிமிடங்களில், மேற்பரப்பு நனைந்து நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், தயார் என்று விளக்கு காட்டிய பிறகும் கிரில்லை இரண்டு மூன்று நிமிடங்கள் சூடேற விட்டு, அதன்பின் உணவை வைப்பதுதான். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் இத்தனை முயற்சியும் வீண்.

வரிமேடுள்ள தட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கறுத்த கோடுகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மேடு தொட்ட இடம் மட்டுமே பழுப்பாகிறது. பள்ளத்துக்கு மேலிருக்கும் பகுதி ஆவியில் வேகிறது. தட்டையான தட்டு உணவின் முழுப் பரப்பையும் தொடுவதால் சுவை கூடுதல். இறைச்சியில் கொழுப்பு வடிய வேண்டுமானால் மேடு வேண்டும். மீன், காளான், ரொட்டி ஆகியவற்றுக்குத் தட்டையானதே மேல். இரண்டு வகைத் தட்டுகளையும் மாற்றிப் பொருத்தும் மாதிரி கிடைத்தால் தயங்காமல் அதை எடுப்பேன்.

கொழுப்பைப் பற்றிப் பேசினால் 1994-ஐத் தவிர்க்க முடியாது. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் மீண்டும் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன அதே ஆண்டில் அவர் பெயரில் சந்தைக்கு வந்த இருபக்க கிரில், உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது. சாய்ந்த தட்டு வழியாகக் கொழுப்பு வடிந்து கீழே உள்ள தட்டில் சேரும் என்பதே அதன் முக்கிய விளம்பரம். கொழுப்பு மிகுந்த அரைத்த இறைச்சியில் இது உண்மை. தோல் நீக்கிய கோழி நெஞ்சில் வடிவதற்குக் கொழுப்பே அதிகம் இல்லை; வழிந்து சேர்வது பெரும்பாலும் அதன் சாறு. அப்படிச் சாறு நிறைய சேர்ந்தால், அதிக நேரம் வைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

திறந்த மின் கிரில் வெல்வது வடிவத்தில். எலும்போடு கூடிய கால், முழு மீன், சோளக்கதிர், கம்பியில் கோத்த துண்டுகள் எல்லாம் இரண்டு தட்டுகளுக்கு நடுவே சரியாக அமராது. தடித்த இடத்தில் மேல்தட்டு நின்றுவிடும். மெல்லிய இடம் தட்டைத் தொடாமலே கிடக்கும். திறந்த கிரில்லில் ஒவ்வொரு துண்டையும் அதன் போக்கில் திருப்பலாம், கண்ணால் பார்த்து எடுக்கலாம். கம்பி வலைக்குக் கீழே வெப்பச் சுருளும் அதற்கும் கீழே தண்ணீர்த் தட்டும் உள்ள வகையில், சொட்டும் கொழுப்பு தண்ணீரில் விழுவதால் புகை குறையும். கரியில் சுட்ட சுவையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்த மணத்தின் பெரும்பங்கு, கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகையிலிருந்து வருவது. தண்ணீர்த் தட்டு தடுப்பதும் அதே புகையைத்தான்.

வார்ப்பிரும்புச் சட்டி இவை இரண்டும் எட்டாத வெப்பத்துக்குப் போகும். இரும்பு வெப்பத்தை மெதுவாகக் கடத்தினாலும், அதன் எடை காரணமாக நிறையத் தேக்கி வைக்கும். குளிர்ந்த இறைச்சியை வைத்தாலும் சட்டென ஆறிவிடாது. தடித்த மாட்டிறைச்சித் துண்டுக்கு வெளியே கறுக்கலும் உள்ளே சிவப்பும் வேண்டுமென்றால் என் தேர்வு இதுதான். ஆனால் புகை அறையை நிறைக்கும். காற்றை வெளியேற்றும் விசிறி இல்லாத சமையலறையில் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மின் கிரில்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்-ஸ்டிக் பூச்சு உண்டு. அந்தப் பூச்சான டெஃப்ளான் 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்குகிறது. மிகையாகச் சூடேறினால் எழும் ஆவி கூண்டுப் பறவைகளைக் கொல்லக்கூடியது. வெறும் கிரில்லை மூடி நெடுநேரம் சூடேற விடாதீர்கள்.

2010-இல் ஃபிலிப்ஸ் அறிமுகப்படுத்திய ஏர் ஃப்ரையரையும் சிலர் இந்தப் போட்டியில் சேர்க்கிறார்கள். அது சூடான காற்றால் மேற்பரப்பை உலர்த்துகிறது, கிரில்போலத் தொட்டுச் சுடுவதில்லை. எலும்புள்ள துண்டுகளுக்கு நல்லது. மெல்லிய துண்டுகளை வறட்டிவிடும்.

மூடிய கிரில்லில் வெந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே உணவு வெப்பமானி ஒன்று அவசியம் என்பேன். கோழிக்கு 74 டிகிரி, அரைத்த மாட்டிறைச்சிக்கு 71, மீனுக்கு 63. முனையைப் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிவரை செருகிப் பாருங்கள். மேலிருந்து குத்தினால் மெல்லிய துண்டில் முனை எங்கே நிற்கிறது என்று தெரியாது. தடிமன் சீராக இல்லாத நெஞ்சுத் துண்டை முதலில் தட்டிச் சமப்படுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடையில் பார்க்கவேண்டியது என்ன? தட்டு கழன்று வருமா என்பதே முதலில். கழலாத தட்டுள்ள கிரில்லைத் தண்ணீரில் முக்க முடியாது. மின் இணைப்பைத் துண்டித்து, இளஞ்சூட்டில் ஈரத்துணியை நடுவே வைத்து மூடி, சிறிது நேரம் கழித்துத் துடைக்கலாம். இருந்தும் பள்ளங்களில் தங்கும் பிசுக்கு நாளடைவில் அடுத்த உணவின் சுவையைக் கெடுக்கும். கழுவ அலுப்பாக இருக்கும் கிரில் அலமாரிக்குள் போய்விடும் என்பதால், வாட் அளவைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். அடுத்தது வெப்பநிலையை மாற்றும் திருகு: மீனுக்கும் ரொட்டிக்கும் ஒரே சூடு பொருந்தாது. கடைசியாகக் கீல். ஒரு தடித்த புத்தகத்தை நடுவில் வைத்து மேல்தட்டை இறக்கிப் பாருங்கள். மேல்தட்டு புத்தகத்தின் மேல் கிடையாகப் படிந்தால் வாங்கலாம். முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் மட்டும் அழுத்தினால், அதில் இருபக்கமும் சீராக வேகாது.