அனைத்துலகச் சட்டமா, அரசியலமைப்பா?

மலேசியாவில் சட்ட விரிவுரையாளராக ஆசைப்படும் தோட்டத்துப் பிள்ளைகள், முனைவர் பட்டத்துக்கு எதை எடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் முதுகலையில் அனைத்துலகச் சட்டம் படித்து, முனைவர் ஆய்வில் அரசியலமைப்புக்கு மாறியவன்.

சம்பளத்தில் வித்தியாசமில்லை. வெளிநாட்டு மாநாடுகள் அனைத்துலகச் சட்டக்காரர்களுக்குத்தான் அதிகம். அந்தத் துறைக்குரிய கம்பீரமும் உண்டு. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் 2002-இல் நமக்குக் கிடைத்ததும், பத்து பூத்தே என்ற சிறு தீவு 2008-இல் சிங்கப்பூருக்குப் போனதும் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தின் தீர்ப்பால்தான். ஐநா சிறப்பு அறிக்கையாளராக இருந்த நம் பரம் குமாரசாமிக்கு வழக்குகளிலிருந்து விலக்குரிமை உண்டு என்று 1999-இல் அதே நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனாலும் மாறினேன். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பேரனின் பிறப்புப் பத்திரம். அதில் 'புக்கான் வார்கானெகாரா', குடிமகன் அல்ல என்று அச்சாகியிருந்தது. "இங்கதான் தம்பி பொறந்தான், வேற எந்த ஊருக்குப் போவான்?" என்றார். அப்பா குடிமகன். ஆனால் திருமணம் பதிவாகவில்லை, அதனால் தாயின் நிலைதான் கணக்கு. தாய்க்கோ பத்திரமே இல்லை.

நான் படித்த அனைத்துலகச் சட்டம் இங்கே முட்டி நின்றது. குழந்தைக்குக் குடியுரிமை பெறும் உரிமையைச் சொல்லும் சிறார் உரிமை ஒப்பந்தத்தின் 7ஆம் விதியை ஏற்காமல் ஒதுக்கிவைத்துத்தான் மலேசியா 1995-இல் அதில் சேர்ந்தது. நாடற்றோர் பற்றிய 1954, 1961 ஒப்பந்தங்களில் சேரவே இல்லை. சேர்ந்திருந்தாலும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றாதவரை நம் நீதிமன்றத்தில் ஒப்பந்தம் செல்லுபடியாவது கடினம்.

அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: இங்கே பிறந்து, பிறப்பால் வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் சட்டப்படி குடிமகன். அதை நிரூபிப்பது பெரும் பாடு, வழக்குகள் இருபக்கமும் போயிருக்கின்றன. அது கைகொடுக்காவிட்டால், பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் 15ஏ விதி உண்டு. இரண்டிலும் எழுதிக் கேட்க இடமிருக்கிறது. எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது.

அரசியலமைப்புத் துறையிலும் பாடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைப் பிரிவுகளைத் திருத்தியதும், என் பாடக்குறிப்பில் பாதியை மாற்றி எழுதினேன்.

ஜெனீவா ஐநா அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் வேறு கணக்குச் சொல்லலாம். நான் அங்கே இருந்ததில்லை. பாட்டிக்கு அட்டவணைப் பக்கத்தை நகலெடுத்து அந்தப் பையிலேயே வைத்துக் கொடுத்தேன். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை.